சாச்சி பார்க்காத டுபாய்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

டிசம்பர் லீவுக்கு டுபாய் போய் வந்தது பலருக்குத் தெரியும். "ஐந்து நாள் போய் நாலே நாலு படமா டீச்சர்?" என்று ஸ்டாஃப் ரூமில் இன்னும் கேட்கிறார்கள். படம் நிறைய எடுத்தேன். போடத்தான் மனம் வரவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. நான், இவர், எட்டு வயது மகள். போவதற்கு முதல் நாள் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனோம், சாச்சிக்கு ஸலாம் சொல்ல. உம்மாவின் தங்கை. 1993இல் எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது டுபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனவர், 2002இல்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இடையில் இரண்டே தடவை லீவு. அவருடைய மகனை எங்கள் உம்மாதான் வளர்த்தார். அவன் எங்கள் உம்மாவை "உம்மா" என்பான். பெற்ற தாயை, எங்களைப் பார்த்து, "சாச்சி" என்பான். இன்றைக்கும் அப்படித்தான். வீட்டில் யாரும் திருத்தவில்லை, பிறகு திருத்த முடியாமல் போய்விட்டது.

"டுபாய்ல எங்க பார்க்கணும் சாச்சி?" என்று கேட்டேன். சும்மா, ஒரு பேச்சுக்கு.

"நான் ஒம்பது வருஷம் ஈந்த ஊரு மகள். ஆனா எனக்குத் தெரியாத ஊரு" என்றார். பிறகு யோசித்து, "அந்த நூறு திர்ஹம் நோட்டுல ஒரு பில்டிங் ஈக்கும். உடுப்புக் காயப் போட மொட்டை மாடிக்குப் போனா அது தெரியும். இன்னும் ஈக்கிதா பாருங்க" என்றார்.

வீட்டு அட்ரஸ் கேட்டேன். அலுமாரியில் இருந்து ஒரு பழைய என்வலப் எடுத்து வந்தார். வாப்பா அனுப்பிய கடிதம் ஒன்று. முன்பக்கத்தில் வாப்பாவின் கையெழுத்தில் சாச்சியின் பெயர், வீட்டுக்காரரின் பெயர், ஒரு பி.ஓ. பொக்ஸ் நம்பர், டுபாய். அவ்வளவுதான். அந்த ஊரில் தபால்காரர் வீடு வீடாகக் கடிதம் கொண்டு வருவதில்லை, எல்லாமே தபால் பெட்டிக்குத்தான் போகும். ஒன்பது வருஷம் நாங்கள் எழுதியதெல்லாம் ஒரு பெட்டிக்குத்தான். தெருப் பெயரோ வீட்டு நம்பரோ சாச்சிக்கே தெரியாது. ஜுமைரா, வாசலில் இரண்டு வேப்ப மரம், பக்கத்தில் பள்ளிவாசல். இதுதான் அட்ரஸ்.

புறப்படும்போது கவுன்டரில் இருந்தவர் என்னை மட்டும் நிறுத்தி, வேலைக்கா போகிறீர்கள் என்று கேட்டார். ஹபாயா போட்ட ஒரு பெண், விசிட் விசா, வேறென்ன நினைப்பார். கணவரும் பிள்ளையும் பின்னால் நிற்பதைக் காட்டி, ரிட்டர்ன் டிக்கட்டையும் காட்டினேன். "டூரிஸ்ட்" என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

புர்ஜ் கலீஃபா பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 828 மீற்றர், கழுத்து வலிக்கும், டிக்கட் விலை அதைவிட வலிக்கும். எனக்குப் பிடித்தது ஒரே விஷயம்: அந்தக் கட்டிடத்தில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க 2 நிமிடமும், 150க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள உலமாக்கள் சொன்னார்கள். உயரத்தில் சூரியன் பிந்தித்தான் மறையும். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்! இந்தத் தவணை தரம் 7க்கு இதுதான் சொல்லிக் கொடுத்தேன்.

கிரீக் எனக்கு நிறையப் பிடித்தது. உப்புத் தண்ணீர்க் கழி, இரண்டு பக்கமும் பழைய ஊர். அப்ரா என்ற மரப் படகில் ஒரு திர்ஹம் கொடுத்தால் அக்கரை. ஓட்டுபவர் சிட்டகொங்காரர், பக்கத்தில் இருந்தவர் கேரளாக்காரர். எண்ணெய் கிடைத்தது 1966இல். அதற்கு முன் அந்த ஊர் சாப்பிட்டது முத்தினால். 1930களில் ஜப்பான்காரரின் வளர்ப்பு முத்து வந்து அந்தத் தொழிலை முடித்துவிட்டது. நம் மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் வளைகுடாவிலிருந்து அரபு முத்துக் குளிப்போர் கூலிக்கு மூச்சடக்க மரிச்சுக்கட்டிக்கு வந்தார்கள். நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முன் பிழைப்புத் தேடி அவர்கள் இங்கே வந்தார்கள் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் கடற்புறாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அக்கரையில் கோல்ட் சூக். சாச்சி கொண்டு வந்தது இரண்டு காப்பு. கடைக்குப் போய் வாங்கவில்லை, சம்பளத்தில் பிடித்து வீட்டு டிரைவரிடம் சொல்லி எடுத்துக் கொடுத்தார்களாம். ஒரு காப்பு கூரை போட விற்றது. மற்றது நான் தர்கா நகர் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவான வருஷம் அடகுக் கடைக்குப் போனது. மீட்கவில்லை. அதே போல ஒரு ஜோடியை விசாரித்தேன். கடைக்காரர் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். "பிறகு வாரோம்" என்று சொல்லி வெளியே வந்தோம். இவர் ஒன்றும் பேசவில்லை.

நாலாம் நாள் மெட்ரோவில் பெண்களுக்கான பெட்டியில் ஏறி வேர்ல்ட் ட்ரேட் சென்டர் ஸ்டேஷனில் இறங்கினோம். நோட்டில் உள்ள கட்டிடம் அதுதான். 1979இல் திறந்தது, 39 மாடி, அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்திலேயே உயரமானது. இன்றைக்கு அதைச் சுற்றி நிற்பவற்றின் நடுவில், வகுப்பில் முன் வரிசைப் பிள்ளை மாதிரி இருக்கிறது. அங்கே வட்ஸ்அப்பில் கோல் எடுக்க முடியாது, வீடியோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சாச்சியின் வொய்ஸ் மெசேஜ் வந்தது. "அதுதான் மகள். அதேதான். கிட்டப் போனா இவ்வளவு பெருசா?"

பின்னேரம் ஜுமைராவில் நடந்தோம். உயர்ந்த மதில்கள், கேட்டுகள். வேப்ப மரம் இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு வேம்பு. பள்ளிவாசலும் ஒன்றல்ல. ஒரு மணித்தியாலம் சுற்றியும் எந்த வீடென்று சொல்ல வழியில்லை. மகள் கால் வலிக்கிறது என்றாள்.

ஒரு கேட்டுக்கு வெளியே யூனிஃபோர்ம் போட்ட ஒரு பெண் குப்பைப் பையைப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது காதில் விழுந்து, "ஸ்ரீலங்காவா?" என்று சிங்களத்தில் கேட்டார். குருநாகல் பக்கம். மகள் இந்த வருஷம் ஓ/எல் எழுதுகிறாளாம். நான் டீச்சர் என்றதும் கணிதத்துக்கு எந்த பாஸ்ட் பேப்பர் புத்தகம் நல்லது என்று கேட்டார். சொன்னேன். மதிலின் நிழலில் நின்று பெயரை இரண்டு தரம் சொல்லிப் பாடமாக்கினார். உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "போய்ட்டு வாரேன் மேடம்" என்று சொல்லி ஓடினார்.

மேடம். சாச்சி ஒன்பது வருஷம் இன்னொருத்திக்குச் சொன்ன சொல். அக்கா என்று கூப்பிடுங்கள் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் கேட் மூடிவிட்டது.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பேரீச்சம்பழம், டேங் டின், ஒரு பிளாங்கட். அவர் எங்களுக்குக் கொண்டு வந்தவைதான். ஒரு நூறு திர்ஹம் நோட்டை மாற்றாமல் வைத்திருந்தேன், அதையும் கொடுத்தேன். கட்டிடம் உள்ள பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மடிக்காமல் குர்ஆனுக்குக் கீழே வைத்தார்.

கிரீக், படகு, மீன் தொட்டி எல்லாம் போனில் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். குருநாகல் பெண்ணைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளைக்கு லீவு குடுக்கிறாங்களா? பாஸ்போட் அவகிட்டயா ஈக்கி?"

வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட்டைத் தானே வைத்திருக்கும் உரிமை, இரண்டும் 2017இல் அங்கே சட்டமாக வந்துவிட்டது, நான் வாசித்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"சட்டத்தை இல்ல மகள். அவகிட்ட கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை.