என்னைத் தூக்கிவிடு

இத்தாலிய மொழியில் 'திராமிசு' என்பது ஒரு சொல் அன்று. மூன்று சொற்கள் சேர்ந்து நின்ற ஒரு சிறு தொடர். 'திரா' என்றால் இழு. 'மி' என்றால் என்னை. 'சு' என்றால் மேலே. தமிழில் 'என்னைத் தூக்கிவிடு' எனலாம். பண்டங்களுக்கு வடிவத்தாலோ நிறத்தாலோ பிறந்த ஊராலோ பெயர் வருவதுதான் உலக வழக்கு. ஏவல் வினைமுற்று ஒன்று பண்டத்தின் பெயராகி நிற்பது அரிது. அதிலும் இந்த ஏவல், உண்பவர் கிண்ணத்தை நோக்கி விடுக்கும் வேண்டுகோள்! இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் எங்கள் இருவரையும் இந்தப் பண்டத்தின்பால் முதலில் இழுத்தது நாக்கு அன்று, இந்தப் பெயர்தான்.

பண்டம் அறியாதார்க்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். காப்பியில் தோய்த்த மெல்லிய பிஸ்கட் ஓர் அடுக்கு. முட்டை மஞ்சட்கருவும் சர்க்கரையும் 'மஸ்கர்ப்போனே' என்னும் பாலேட்டுக் கட்டியும் சேர்த்துக் குழைத்த களிம்பு ஓர் அடுக்கு. இவ்வாறு மாறி மாறி அடுக்கி, மேலே கோக்கோப் பொடி தூவி, குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது. அடுமனை வேலை இல்லை.

இத்தனை எளிய பண்டத்துக்கு இத்தாலியில் நடந்துவரும் வழக்கு எளியதன்று. வடகிழக்கே வெனெத்தோ மாநிலத்தில் த்ரெவீசோ என்றோர் ஊர். அங்கே 'லே பெக்கேரியே' என்ற உணவகத்தின் பட்டியலில் 1972-இல் திராமிசு இடம்பெற்றது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. உணவகத்தை நடத்தியவர்கள் ஆதோ கம்பேயோல், அல்பா கம்பேயோல் தம்பதியர். இனிப்புகள் செய்தவர் ரொபெர்த்தோ லிங்குவனோத்தோ. அண்டை மாநிலமான ஃப்ரியூலி இதை ஏற்பதில்லை. 1950-களிலேயே தொல்மெட்சோ ஊரின் விடுதி ஒன்றில் நோர்மா பியெல்லி என்னும் அம்மையார் இதைச் செய்து பரிமாறினார் என்பது அவர்கள் வாதம். 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் தனது மரபு உணவுப் பட்டியலில் திராமிசுவை ஃப்ரியூலியின் பெயரில் சேர்த்தபோது, வெனெத்தோ மாநிலத் தலைவரே எதிர்ப்புக் குரல் எழுப்பினார்.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு என்றால் போகட்டும். த்ரெவீசோவின் அந்த ஒரே உணவகத்துக்குள்ளேயே இரண்டு கதைகள் வழங்குகின்றன. லிங்குவனோத்தோ சொன்னது: வெனிலா ஐஸ்கிரீமுக்காக முட்டையும் சர்க்கரையும் அடித்துக்கொண்டிருந்தபோது மஸ்கர்ப்போனே தற்செயலாகப் பாத்திரத்தில் விழுந்தது, சுவைத்துப் பார்த்தால் நன்றாக இருந்தது. குடும்பத்தார் வழியில் வரும் கதை வேறு: அல்பா பிள்ளை பெற்று எழுந்திருக்க மாட்டாமல் சோர்ந்து கிடந்த நாட்களில், அவருடைய மாமியார் முட்டையும் மஸ்கர்ப்போனேயும் காப்பியும் கலந்து உடம்பு தேறக் கொடுத்தார், தேறி எழுந்த அல்பா அதையே லிங்குவனோத்தோவுடன் சேர்ந்து ஒரு பண்டமாக்கினார். இப்போது ஆதோவும் இல்லை, லிங்குவனோத்தோவும் இல்லை. முன்னவர் 2021-இலும் பின்னவர் 2024-இலும் மறைந்தனர். பாடபேதங்களைத் தீர்த்துவைக்க இனி மூல ஆசிரியர்களைக் கேட்க முடியாது.

இரண்டிலும் எங்களுக்கு நெருக்கமானது மாமியார் கதைதான். அதற்குக் காரணம் உணர்ச்சி மட்டும் அன்று, சான்றும் உண்டு. அந்த வட்டாரத்து வீடுகளில் 'ஸ்பதுதின்' என்றொரு பழைய வழக்கம். முட்டையின் மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, பிள்ளை பெற்றவளுக்கும் நோயில் கிடந்து எழுந்தவர்க்கும் முதியவர்க்கும் கொடுப்பார்கள். நம் ஊர்ப் பிரசவ லேகியத்தின் இடத்தில் அங்கே இருந்தது இது. அந்த ஸ்பதுதினோடு மஸ்கர்ப்போனேயையும் காப்பியையும் பிஸ்கட்டையும் சேர்த்தால் திராமிசு. 'என்னைத் தூக்கிவிடு' என்பது விருந்துக்கு வந்தவர் சொல்வதாக இருக்க முடியாது. படுக்கையில் கிடப்பவர் குரல் அது என்று நாங்கள் எண்ணுகிறோம்.

இவ்வளவையும் நாங்கள் தேடிப் படித்தது ஆராய்ச்சிக்காக அன்று. வீட்டில் ஒருவர் அப்படிக் கிடந்தார். அம்மா – எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். எழுபத்தெட்டு வயது. டைபாய்டு காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்து எழுந்தவர், காய்ச்சல் விட்ட பிறகும் சோற்றை விட்டார். அரிசிக் கஞ்சி கொண்டுபோனால் இரண்டு வாய். கம்பங்கூழ் என்றால் ஒரு வாய். காலையும் மாலையும் காப்பி மட்டும் மறக்காமல் கேட்பார். எடைக்கருவியில் ஏழு கிலோ குறைந்திருந்தது. 'எதை விரும்பிச் சாப்பிடுகிறாரோ அதைக் கொடுங்கள். சர்க்கரை நோய் இல்லை, கொழுப்பும் புரதமும் போனால் நல்லது' என்றார் மருத்துவர். விரும்பிக் கொள்வதோ காப்பி ஒன்றைத்தான். அப்படியானால் காப்பிக்குள்ளேதான் உணவை வைத்தாக வேண்டும்.

செய்முறைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட மூலபாடம் த்ரெவீசோவினுடையது. இத்தாலிய சமையற்கலைக் கழகம் 2010-இல் முறைப்படி பதிவு செய்த அளவு இது: மஞ்சட்கரு 12, சர்க்கரை அரைக்கிலோ, மஸ்கர்ப்போனே ஒரு கிலோ, 'சவோயார்தி' பிஸ்கட் 60, காப்பியும் கோக்கோவும் வேண்டிய அளவு. இதில் முட்டையின் வெள்ளைக்கரு இல்லை, மதுவும் இல்லை. உலகெங்கும் பல பட்டியல்களில் காணப்படும் மார்சலா மதுவும் ரம்மும் இந்தப் பாடத்தை வைத்துப் பார்த்தால் இடைச்செருகல்கள். குழந்தைக்கும் கிழவிக்கும் கொடுப்பதில் மது எதற்கு?

நாங்கள் எல்லாவற்றையும் பாதியாக்கினோம். சர்க்கரையை மட்டும் பாதிக்கும் குறைத்து 150 கிராம் எடுத்தோம். மஸ்கர்ப்போனே எங்கள் ஊர்க் கடைகளில் கிடையாது. கிடைக்கும் நகரத்தில் அதன் விலை மலைக்க வைத்தது. ஆனால் அது உறை ஊற்றியோ காய்ச்சி வற்றவைத்தோ செய்வதன்று. சூடான பாலேட்டில் புளிப்பைச் சேர்த்துத் திரளவைப்பது. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு கொழுப்புள்ள பெட்டி க்ரீம் ஒரு லிட்டரை அடிகனமான பாத்திரத்தில் 85 பாகை வரை சூடாக்கி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி விட்டு, சிறு தீயில் சில நிமிடம் கிளறினோம். கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்தது. பால் திரிவதுபோலக் கட்டி வேறு நீர் வேறாகப் பிரியாது, மொத்தமாகத் தடிக்கும். ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடியக் கட்டி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தோம். காலையில் அரைக்கிலோவுக்குச் சற்று மிகுதியாக, வெண்ணெய்க்கும் கெட்டித் தயிருக்கும் இடைப்பட்ட ஒன்று துணியில் நின்றது.

மூலபாடத்தோடு நாங்கள் முரண்பட வேண்டி வந்தது முட்டையில்தான். த்ரெவீசோ முறையில் மஞ்சட்கரு பச்சையாகவே சேரும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். இளைஞருக்கு அது சில நாள் வயிற்றுப்போக்கு, முதியவர்க்கு உயிர்க்கேடாகவும் முடியலாம். டைபாய்டுக்குக் காரணமான கிருமியும் அதே சால்மொனெல்லாக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதை நினைத்தபோது கை தயங்கியது. நலிந்தவரைத் தேற்றவென்று பிறந்த உணவு, அதன் மூல வடிவத்தில் நலிந்தவர்க்கே ஆகாதது என்றால் என்ன செய்வது? மூலத்தைக் காப்பதா, அது எதற்காக எழுந்ததோ அந்த நோக்கத்தைக் காப்பதா? வகுப்பறையில் இந்தக் கேள்வியை வைத்து ஒரு மணி நேரம் பேசிவிடலாம். அடுப்படியில் விடை சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கொதிக்கும் நீரின் ஆவிமேல் ஒரு பாத்திரத்தை வைத்து, ஆறு மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் அதிலிட்டுக் கை ஓயாமல் அடித்தோம், ஒருவர் மாற்றி ஒருவராக. வெப்பமானி 71 பாகை காட்டும் வரை அடிக்க வேண்டும். சர்க்கரை கூட இருப்பதால் கரு எளிதில் உறைந்துவிடாது; ஆனாலும் கையை நிறுத்தினால் விளிம்பில் பொரியலாகிவிடும். அடிக்க அடிக்க மஞ்சள் வெளுத்து, நாடா மடிந்து விழுவதுபோல விழுந்தது. நன்றாக ஆறிய பின்னரே மஸ்கர்ப்போனேயில் சேர்த்தோம். சூட்டோடு சேர்த்தால் ஏடு உருகி நெய்யாகப் பிரியும்.

காப்பிக்கு இத்தாலியர் வீட்டில் மோக்கா என்னும் எண்கோணக் கலம் இருக்கும். அல்ஃபோன்சோ பியலெத்தி 1933-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது ஆவியின் அழுத்தத்தால் நீரை மேலேற்றிப் பொடியின் ஊடே செலுத்துகிறது. எங்கள் வீட்டுப் பித்தளை வடிகட்டியில் நீர் தன் கனத்தால் கீழே இறங்குகிறது. முடிவில் வருவது இரண்டிலும் கருத்த டிக்காஷன்தான். சிக்கரி கலவாத பொடியாக அரைத்து வாங்கியது மட்டுமே நாங்கள் செய்த மாற்றம். டிக்காஷன் முற்றும் ஆறியிருக்க வேண்டும். பிஸ்கட்டை ஒரு பக்கம் ஒரு நொடி, மறுபக்கம் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். நனைத்த அக்கணத்தில் நடுப்பகுதி உலர்ந்தே இருக்கும். காப்பி உள்ளே இறங்கும் வேலையைக் குளிர்பெட்டியில் கழியும் இரவு பார்த்துக்கொள்ளும். இரண்டு அடுக்கு பிஸ்கட், இரண்டு அடுக்கு களிம்பு, மேலே கசப்பான கோக்கோ. அவ்வளவே.

மறுநாள் பதினொரு மணிக்குக் கொடுத்தோம். மாலையில் கொடுத்தால் உறக்கம் கெடும் என்ற கணக்கு. அம்மா கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். முட்டை வாடை அவருக்கு ஆகாது. நாங்கள் அஞ்சியதும் அதற்குத்தான். காப்பி மணம் முந்திக்கொண்டது.

"என்ன கண்ணு, காப்பியக் கரண்டில திங்கச் சொல்றீங்களா?"

"ஆமாங்கம்மா. ஒரு வாய் பாருங்க."

ஒரு வாய் இரண்டாயிற்று. நான்கு கரண்டிக்குப் பின் போதும் என்று வைத்துவிட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு, "அந்தக் காப்பி மிச்சம் இருக்குதா?" என்று அவரே கேட்டார். முட்டை சேர்ந்த பண்டம் ஆதலால் இரண்டு நாளுக்கு மேல் வைக்காமல் எஞ்சியதைப் பிள்ளைகள் முடித்துவைத்தனர். அந்த மாதத்தில் நான்கு முறை செய்தோம்.

இந்தக் களிம்பால்தான் அவர் தேறினார் என்று சொல்ல மாட்டோம். மருந்து இருந்தது, நாட்கள் கடந்தன, பசி தானாகவும் திரும்பியிருக்கும். ஆனால் உணவை நோக்கி அவர் முதன்முதலில் கை நீட்டியது அந்தக் கிண்ணத்துக்குத்தான். இப்போது கம்பங்கூழும் மோர்மிளகாயும் அவருக்குத் தடையின்றி இறங்குகின்றன. த்ரெவீசோக் கதையில் மாமியார் மருமகளுக்குக் கொடுத்தது, எங்கள் வீட்டில் மருமகள் கையிலிருந்து மாமியாருக்குப் போயிற்று. பெயரைச் சொன்னபோது அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. பொருளைச் சொன்னோம். "அதையத்தான நானும் ரண்டு மாசமாச் சொல்லிட்டுக் கெடந்தேன்" என்றார்.