தாண்டிப் போன கரண்டி

மாட்டுங்கா மார்க்கெட்டில் ஆறு வாழையிலை வாங்கிச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். மறுநாள் அமாவாசை, அய்யாவுக்குப் படைக்க வேண்டும். அதே பையில் நாஞ்சில் நாடனின் சிறுகதைத் தொகுப்பும் இருந்தது. குர்லாவில் இறங்கி, செம்பூர் வண்டிக்காக நிற்கையில் வெளியே எடுத்தால் அட்டையெல்லாம் ஈரம். இலைக்காரர் தெளித்திருந்த தண்ணீர். வேட்டியில் துடைத்துவிட்டுப் பிரித்தேன். ‘இடலாக்குடி ராசா’ வந்தது.

கல்யாணப் பந்தியில், விளையாட்டுக்காக ராசாவின் இலையை மட்டும் விட்டுவிட்டுப் பரிமாறுவார்களே, அந்தக் கதை. எத்தனையோ தடவை படித்ததுதான். இந்தத் தடவை வேறொன்று உறைத்தது. நாஞ்சில் நாட்டுப் பந்தி என்றால் பச்சடி, அவியல், துவட்டல், எரிசேரி என்று இலையோரம் நிறைந்த பிறகுதான் சோறு வரும். அப்புறம் பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம். ஒவ்வொரு வாளிக்கும் ஓர் ஆள். ஓர் இலை வெறுமனே கிடக்க வேண்டுமென்றால் ஒருவர் மனசு வைத்தால் போதாது. வருகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தில் கரண்டியைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். பக்கத்து இலைக்காரர்களும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அய்யாவுக்குத் தாராவியில் தோல் கம்பெனி வேலை. சம்பளம் வாங்கிய மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸுக்குப் போவார். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து நடைதான். கிளம்புமுன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார், நகக்கண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டுவார். அப்படியும் தோல் வாடை கொஞ்சம் இருக்கும். சுவரோரமாக, கடைசி இலையில் உட்காருவார்.

பூசணிக்காய்க் கூட்டென்றால் அவருக்கு உயிர். ஆனால் இன்னொரு தடவை வையுங்கள் என்று வாய் திறந்து கேட்கவே மாட்டார். கூட்டு இருந்த இடத்தை விரலால் வழித்துச் சுத்தமாக்கிவிட்டு, சோற்றை மெதுவாகப் பிசைந்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாளி பக்கத்தில் வரும்போது மட்டும் பிசைகிற கை நின்றுவிடும். சில நாள் வாளி நிற்கும். கூட்டு இலையில் விழுந்த பிறகு, “போதும், போதும்” என்பார். சில நாள் வாளி போய்விடும். நான் ஒரு தடவை, “நான் கேக்கட்டுமாய்யா?” என்றேன். “கேட்டுத் திங்கக் கூடாதுலே. அவுங்களாப் பாத்து வைக்கணும்” என்றார்.

ஊரில் ஒரு கல்யாணப் பந்தியிலும் அவரை உட்கார வைத்ததில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, கொல்லைப்புறமாகப் போய் ஏனத்தில் வாங்கி வருகிற சோறுதான். ராசாவுக்கு இலையாவது போட்டார்கள்.

நாஞ்சில் நாடன் வேலைக்காக இந்தப் பம்பாய்க்கு வந்தது 1972-இல். 1989-இல் கோயம்புத்தூருக்குப் போகிறவரை இங்கேதான் இருந்தார். முதல் சிறுகதை ‘விரதம்’ 1975-இல் ‘தீபம்’ இதழில் வந்தது. மகள்கள் வீட்டுக்குப் போய்ப் பசியோடு திரும்புகிற தகப்பன் அதில் வருகிறார். அதுவும் அமாவாசைதான், அவரும் வாய் திறந்து கேட்கத் தெரியாதவர்தான். வெகுகாலம் கழித்து எழுதிய ‘யாம் உண்பேம்’ கதையில் மராட்டியக் கிழவர் ஒருவர், முன்பின் தெரியாத இளைஞன் சாப்பிடுகையில் அவன் கையைப் பிடிக்கிறார். தா என்று கெஞ்சவில்லை. உண்போம் என்கிறார். மராத்தி கேட்டே வளர்ந்த எனக்கு அந்தப் பன்மை, குரலோடு கேட்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது கொடுக்கலாம் என்று நினைப்பேன். 2010-இல் ‘சூடிய பூ சூடற்க’ தொகுப்புக்குக் கொடுத்தார்கள்.

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தும் 1934-இல் சினிமாவுக்குக் கதை எழுத இங்கே வந்தவர்தான். ஓராண்டுபோல இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு வெளிவந்தது ‘கஃபன்’. குடிசைக்குள் மருமகள் பிரசவ வலியில் சாகக் கிடக்கிறாள். வெளியே மாமனார் கீசு உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு, இருபது வருஷத்துக்கு முந்தைய தாக்கூர் வீட்டுக் கல்யாண விருந்தைப் பேசுகிறான். அவன் மறக்காமல் வைத்திருப்பது ருசியை மட்டுமல்ல. வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தும் விடாமல் வைத்தார்களே, அதையும்தான். அவனை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அய்யாவின் “போதும், போதும்” கேட்கிறது.

மறுநாள் படத்துக்கு முன்னால் இலையை விரித்தோம். நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று அம்மா குனிந்து பார்த்துக்கொண்டாள். கண் சரியாகத் தெரியவில்லை, கையும் நடுங்குகிறது, ஆனாலும் அய்யா இலையில் வேறு யாரும் பரிமாறக் கூடாது. சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், ரசம் வரைக்கும் வந்துவிட்டாள். சூடம் கொளுத்தப் போன என்னை, “இருலே” என்று நிறுத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். கூட்டுச் சட்டியோடு வந்து, ஏற்கெனவே வைத்திருந்த பூசணிக்காய்க் கூட்டின் மேலேயே இன்னொரு கரண்டி வைத்தாள்.