நூறு ரூபாய் ஏரேட்டர்

2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்ததைப் பார்த்த பயத்தில், வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் ஏரேட்டர் மாட்டினேன். ஒன்று 100 ரூபாய் சொச்சம். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டிய இடத்தில் இப்போது 5 லிட்டர்தான். பாத்திரம் கழுவப் போதும். பக்கெட் நிரம்பத்தான் யுகமாகும்.

காசு மிச்சமா? எங்கள் வேலப்பன்சாவடி அடுக்ககத்தில் பைசா இல்லை. 12,000 லிட்டர் லாரித் தண்ணீர்ச் செலவை வீடுகளுக்குச் சமமாகப் பிரிக்கிறோம். நான் சேமித்தது எதிர்வீட்டு பால்கனியைக் கழுவுகிறது. வீட்டுக்கொரு மீட்டர் வைக்கலாமென்றால், "பழைய பில்டிங் சார், ஒரு வீட்டுக்கே நாலு பைப் இறங்குது. நாலு மீட்டருக்கு யார் தருவா?" என்கிறார் செயலாளர். அதுவும் நியாயம்தான்.

ஏரேட்டரை மட்டும் மாதமொரு முறை கழற்றி வினிகரில் ஊறப்போடுகிறேன். தண்ணீரிலுள்ள உப்பு அடைத்துக்கொள்கிறது.