இருபத்தொரு மணி நேரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காட்டேஜ் எடுத்தால் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத்தான் சாவி கைக்கு வரும். மறுநாள் காலை 11 மணிக்குள் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். வார இறுதி என்று இரண்டு நாளுக்குத் திட்டம் போட்டாலும், ஓர் இரவு தங்குகிறவர்களுக்குக் கிடைப்பது 21 மணி நேரம். தூக்கம் போக மிஞ்சுவது 13 அல்லது 14. மயிலாப்பூரிலிருந்தோ தி. நகரிலிருந்தோ கிளம்பும் தம்பதி, நீச்சல் குளம் உண்டா, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா என்று விசாரிப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. அவர்கள் காசு கொடுத்து வாங்குவது இந்த நேரத்தைத்தான்.

அதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது நகரின் நடுவில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒன்றில் மாமனார் மாமியார், இன்னொன்றில் குழந்தைகளோடு இவர்கள். விடிவதற்குள் பால் பாக்கெட், ஏழு மணிக்கு ஸ்கூல் வேன், சாயங்காலம் டியூஷன், ராத்திரி சீரியல். சண்டை போடுவதானால்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் போட வேண்டும். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் மாலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும் நடுவயதுத் தம்பதிகள் நிறைய. வீட்டில் பேச முடியாததைப் பேசத்தான் பலரும் அங்கே வருகிறார்கள். பூங்காவை நேரமானால் பூட்டிவிடுவார்கள். கடற்கரையில் ராத்திரி போலீஸ் வந்து எழுப்பிவிடும். கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் பேசிக்கொண்டிருக்க ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே முதல் கேள்வி தூரம். வெள்ளிக்கிழமை மாலை லஸ்ஸிலிருந்து காரை எடுத்தால், மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலைகளையும் அடையாறு நெரிசலையும் திருவான்மியூர் சிக்னலையும் தாண்டி உத்தண்டி சுங்கச்சாவடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இருவருக்குமே பேசும் மனநிலை போய்விடும். சனிக்கிழமை விடியலில் கிளம்புகிறவர்களுக்குக் கோவளம் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். மாமல்லபுரம் சுமார் 55 கிலோமீட்டர். புதுச்சேரி 150, எப்படியும் மூன்று மணி நேரம். ஏலகிரி 230, நடுவில் டிபனுக்கு நிறுத்தினால் ஐந்து மணி நேரம். ஓர் இரவுதான் என்றால் மாமல்லபுரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு இரவு கிடைத்தால் புதுச்சேரியும் ஏலகிரியும் சரி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூன்று இரவாவது வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊருக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி நினைத்துக்கொண்டு சனிக்கிழமை புறப்படுகிற ஊர்களாக அவை இப்போது இல்லை.

லீவு கிடைக்கிறவர்கள் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிறு மதியம் கிளம்பித் திங்கள் திரும்பலாம். எல்லோரும் ஊருக்குள் திரும்பி வரும் நேரத்தில் எதிர்த் திசையில் போவது சுகம். வாடகையும் இறங்கிவிடும்.

காலையிலேயே கிளம்பிவிட்டால் 2 மணி வரை என்ன செய்வது? முட்டுக்காட்டு தட்சிணசித்ரா இதற்கென்றே அமைந்ததுபோல வழியில் இருக்கிறது. 1996-ல் திறக்கப்பட்டது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம் அதில் உண்டு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் தூணில் சாய்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், தங்கப்போகும் வீட்டில் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கடலை ஒட்டி எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்முடையது கிழக்குக் கடல். மாலையில் சூரியன் கடலில் இறங்கும் படம் போட்டு விளம்பரம் வந்தால் அது வேறு எந்தக் கடற்கரையிலோ எடுத்தது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சூரியன் மறைவது சாலைக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்புக்குப் பின்னால். நமக்கு வாய்த்தது விடியலும் நிலா எழுவதும். பௌர்ணமியன்று மேற்கே சூரியன் சாயும் நேரத்தில் கிழக்கே தண்ணீரிலிருந்து நிலா கிளம்பும், முதலில் செம்மண் நிறத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து. மறுநாள் முக்கால் மணி நேரம் போலத் தாமதிக்கும். காலண்டரில் பௌர்ணமி எந்த வாரக் கடைசியில் விழுகிறது என்று பார்த்துத் தேதி குறிப்பவர்களுக்கு, இதே கடற்கரையில் இதே வாடகைக்கு இரண்டு மடங்கு கிடைக்கும். பத்து வருஷம் அடையாறில் இருந்தும் கடலில் நிலா எழுவதை முழுதாகப் பார்க்காத தம்பதிகள் எத்தனையோ பேர்.

அந்த நிலவைக் கெடுப்பது தோட்டத்தில் கடலைப் பார்த்து நட்டு வைத்த ஃபோகஸ் விளக்குகள். அவை கெடுப்பது நிலவை மட்டுமல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணிப் போகும். விளக்கு இருந்தால் சாலைப் பக்கம் ஊர்ந்து செத்துப்போகும். 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். கடற்கரை வீடு எடுப்பவர்கள் ராத்திரி வெளி விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. அணைக்க மறுக்கும் வீட்டை விட்டுவிடலாம்.

மழை மாதங்களில் இந்தக் கரையை நம்ப முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்த ஊரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் முன்பணம் கட்டுகிறவர்கள், புயல் வந்தால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வீடு. அறை எவ்வளவு பெரிசு என்பதைவிட, இருவர் உட்கார எங்கே இடம் இருக்கிறது என்பது முக்கியம். தூங்குவதும் குளிப்பதும் போக மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்துதானே கழியப்போகிறது? இங்கேதான் பல புதுக் காட்டேஜ்கள் தோற்றுப்போகின்றன. கட்டில் ராஜா வீட்டுக் கட்டில், வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவையும் அடுத்த அறைக்காரர் நடந்து போகும் வழியில்! புதுச்சேரித் தமிழர் தெருக்களில் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இதை நன்றாக யோசித்திருந்தார்கள். தெருவில் நடப்பவருக்கு நிழலாகத் தாழ்வாரம், வந்தவர் உட்காரத் திண்ணை, அதைத் தாண்டி உள்ளே வந்தால் வீட்டுக்காரருக்கு மட்டும் என்று வானம் பார்த்த முற்றம். வெளியாள் எதுவரை வரலாம் என்பதை வீடே சொல்லிவிடும். வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாள் போன்ற வீடுகள் இப்போது விடுதிகளாகியிருக்கின்றன. ஐரோப்பிய பாணியை விரும்பி வெள்ளை நகரத்தில் அறை தேடுகிறவர்கள் கால்வாய்க்கு இந்தப் பக்கம் உள்ள தமிழர் தெருக்களுக்கும் ஒருமுறை வந்து பார்க்கலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அங்கே போய் நடந்துவிட்டு வரலாம்.

மலைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஏலகிரி. காரில் போகப் பிடிக்காவிட்டால் ஜோலார்பேட்டை வரை ரயில். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே ஏறலாம். உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், ஊட்டியில் பாதி. ஸ்வெட்டருக்கு வேலை குறைவு, அமைதி அதிகம்.

எங்கே எடுத்தாலும் படங்களை நம்பி முடிவு செய்யாமல் ஃபோனில் பேசுவது நல்லது. பக்கத்து வீடும் வாடகைக்கு விடுகிற வீடா? அங்கே சனிக்கிழமை பிறந்தநாள் பார்ட்டி, ஸ்பீக்கர் எல்லாம் உண்டா? ஆடி மாசமானால் பக்கத்தில் அம்மன் கோயில் இருக்கிறதா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஏ.சி. ஓடுமா, ஃபேன் மட்டுமா? காலை டிபன் அறைக்கு வருமா, வரிசையில் நிற்க வேண்டுமா? வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் கூப்பிட்டால் வருவாரா, கூப்பிடாமலும் வருவாரா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். ஆனால் அந்த 21 மணி நேரத்தை ஆக்குவதும் கெடுப்பதும் அந்த ஒரு மனிதர்தான். நல்லவராக அமைந்தால் பிளாஸ்கில் காப்பியை வாசலில் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போய்விடுவார்.

கட்டணத்தில் வரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஏழாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் நடுவில் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பிறகு அடையாள அட்டை. சென்னை முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் அறை தர மறுக்கும் விடுதிகள் உண்டு. உள்ளூர் ஜோடி என்றாலே சந்தேகம். கல்யாணமாகி இருபது வருஷமானவர்களும் வரவேற்பு மேஜைக்கு முன்னால் குற்றவாளிபோல நிற்க நேரும். தாலியையும் மெட்டியையும் பார்க்கும் அந்தப் பார்வை அநாகரிகமானது. அதைப் பொறுத்துக்கொள்ள யாருக்கும் கடமை இல்லை. திருமணமாகாதவர்களும் இதே மரியாதைக்கு உரியவர்கள்தான். கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தபோது, மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ், வயது வந்த இருவர் அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்து, சீலை அகற்றச் சொன்னார். விடுதிகள் தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்கின்றன என்பதால், அந்த விதி என்ன என்று முன்பே கேட்டுவிடலாம். முகம் சுளித்துப் பதில் சொல்கிற இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த மாதிரிப் பயணம் இளசுகளுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு மயிலாப்பூர்ப் பக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. அறுபதைத் தொட்ட தம்பதிகள் காசி, ராமேஸ்வரம், திருப்பதி எல்லாம் பார்த்திருப்பார்கள். ஒரு முறைகூட இருவராக மட்டும் போயிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல யோசனை உண்டு. சஷ்டியப்தபூர்த்திக்குத் திருக்கடையூர் போகிற குடும்பங்கள் ஏராளம். ஹோமம், கலசாபிஷேகம், மறுபடி தாலி, நூறு உறவினருக்கு நடுவில் மாலையும் கழுத்துமாகப் போட்டோ, சாப்பாடு. மதியம் எல்லோரும் வேனில் ஏறிவிடுவார்கள், மணமக்களும் கூடவே. அங்கிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி இருக்கிறது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய பங்களா ஒன்றை நீம்ரானா குழுமம் புதுப்பித்து விடுதியாக நடத்துகிறது. பெரிய வராந்தா, வாசலுக்கு எதிரே கடல்.

வேனை அனுப்பிவிட்டு, அந்த ஒரு ராத்திரி மட்டும் இருவரும் அங்கே தங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வது பிள்ளைகளின் வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த பையனோ பெண்ணோ நாலு மாதம் முன்பே பதிவு செய்துவிடலாம். கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: கீழ்த்தளத்தில் அறை, குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, ராத்திரிக்கு எண்ணெய் குறைத்த சாப்பாடு. மருந்து டப்பாவை அம்மாவின் பையிலேயே வைத்துவிடவும். மறுநாள் மதியம் மயிலாடுதுறையிலிருந்து ரயிலா, சீர்காழி வழியாகக் காரா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.