பழைய காரும் எர்த் பட்டையும்

சாவியைத் திருகியவுடன் ‘டக்’ என்ற ஒற்றைச் சப்தத்தோடு அடங்கிவிடும் பழைய அம்பாஸடரைக் கண்டதும், ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஆயுள் முடிந்ததென்று தீர்மானித்து அதைக் கழற்றச் சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது. பாட்டரியிலிருந்து புறப்படும் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம், மோட்டாரைச் சுழற்றியபின், என்ஜினின் இரும்புடல் வழியாகவே மறுமுனைக்குத் திரும்பியாக வேண்டும். என்ஜினோ ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனையும் பாடியையும் பிணைக்கும் செம்புப் பின்னல் எர்த் பட்டையே மின்சாரத்துக்குப் பிரதான மார்க்கம். அப்பட்டை களிம்பாலும் எண்ணெய்ப் பிசுக்காலும் க்ஷீணித்துவிட்டால், மின்சாரம் சோக் கேபிளையும் ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் நாடி ஓடுகிறது. ஸ்டார்ட் செய்ய முயன்றபின் அக்கேபிள்கள் சுடுமாயின், வேறு சாட்சியம் எதற்கு?

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை என்ஜினின் சுத்தமான உலோகப் பரப்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள்: 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த்தில்தான். சாவி திருகும்போது பாட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழ் சரிந்தால், முதலில் பாட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்டார்ட்டருக்குப் பணம் கொடுக்குமுன், அன்பர்களே, பாட்டரி இணைப்பை நீக்கிவிட்டு, அந்தப் பட்டையைக் கழற்றி, இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிப் பாருங்கள்.