கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில்

கரியாஹாட் நடைபாதையில் நடக்க முடியாது, நகரத்தான் முடியும். தெற்குக் கொல்கத்தாவின் தி.நகர் என்று சொன்னால் சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று பெயர் வைத்து, இடதுசாரி ஆட்சி இங்கிருந்த நடைபாதைக் கடைகளை இடித்துத் தள்ளியது. ஏழைகளின் கட்சி ஏழைகளின் கடையை இடித்தது என்று ஊரே பேசிற்று. கடைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். 2002-இல் நாற்சந்திக்கு மேலே மேம்பாலமும் வந்தது.

நான் போனது சித்திரைப் பிறப்புக்கு முந்தைய வாரம். வங்காளிகளுக்கும் அது வருஷக் கடைசி. 'சைத்ர சேல்' என்று தொண்டை கிழியக் கூவித் தள்ளுபடியில் விற்பார்கள். கூட வந்த அக்கா ஒரு பருத்திச் சேலைக்குப் பேரம் பேச ஆரம்பித்தாள். அது இப்போதைக்கு முடியாது என்று தெரிந்ததும் மேம்பாலத்தின் அடியில் போய் ஒதுங்கினேன்.

அங்கே செஸ் நடந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே பஸ்கள் தடதடக்க, வரிசையாகப் பலகைகள், பலகைக்கு இரண்டு பேர், அவர்களைச் சுற்றிப் பத்துப் பேர். பார்க்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியெல்லாம் இங்கே செல்லாது. ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். ஒரு பலகையில், வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவருக்கு எதிரே யூனிபாரத்தோடு ஒரு பையன். ஏழாவது படிப்பான் போல. டை தொங்குகிறது, பை மடியில் இருக்கிறது, கையில் ஜால்முரிப் பொட்டலம். கடுகெண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய விரலை ஒவ்வொரு முறையும் கால்சட்டையில் துடைத்துவிட்டுத்தான் காயைத் தொட்டான். தொலைந்துபோன கறுப்புச் சிப்பாய் ஒன்றுக்குப் பதிலாக சோடா மூடி நின்றது.

"காக்கு, எந்த ஊரு?" என்று தலை நிமிராமலே இந்தியில் கேட்டான்.

"சென்னை."

நிமிர்ந்தான். பெரியவரிடம் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினான். "அப்போ நீங்க உட்காருங்க."

சென்னையிலிருந்து வருகிறவன் செஸ் ஆடத் தெரியாமல் இருப்பானா என்பது அவன் கணக்கு. குகேஷ், பிரக்ஞானந்தா பிறந்த ஊர்க்காரன் வந்திருக்கிறான் என்று அடுத்த பலகைக்கும் செய்தி போயிற்று. நான் தப்பித்துக்கொள்ளப் பார்த்தபோது, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் முன்னால் வந்தாள். அவளுக்குப் பிரக்ஞானந்தாவைவிட அவர் அக்கா வைஷாலிதான் முக்கியம். "வைஷாலி வீடு உங்க வீட்டுக்குப் பக்கமா?" என்றாள். நான் இல்லை என்றதில் அவளுக்கு என் மேல் இருந்த மரியாதை பாதி போய்விட்டது.

மீதிப் பாதியைப் பையன் கவனித்துக்கொண்டான். அவன் ஏற்கெனவே தமிழ்நாட்டுக்கு வந்தவன். பாட்டியின் இதயச் சிகிச்சைக்காக வேலூர் சி.எம்.சி.யில் குடும்பமே தங்கியிருக்கிறது. காந்தி ரோடு லாட்ஜுகள், மீன் குழம்பு கிடைக்கும் வங்காளி மெஸ், ரத்தப் பரிசோதனை வரிசை எல்லாம் அத்துப்படி. "வேலூர்ல கடைக்காரங்க பெங்காலி பேசுறாங்க. சென்னைல ஏன் யாரும் பேச மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டான். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும்: பெட்டிக்குப் பெட்டி எக்ஸ்ரே உறையோடு வங்காளிக் குடும்பங்கள். அந்தப் பையன் இன்னும் மெரினாவைப் பார்க்கவில்லை. பெரியவரும் வேலூருக்குப் போனவர்தான், கடலைப் பார்க்கவில்லை. இவர்களுக்குத் தமிழ்நாடு என்றால் ஆஸ்பத்திரி, அதை விட்டால் செஸ். நம் பிள்ளைகளிடம் கொல்கத்தாவைப் பற்றிக் கேட்டால் ரசகுல்லாவோடு நின்றுவிடும் என்பதால் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

ஆட்டம் தொடர்ந்தது. பையன் ராணியின் மேல் கை வைத்தான். பெரியவர் லேசாகக் கனைத்தார். பக்கத்திலிருந்த வாண்டு ஒன்று "தொட்டாச்சு, ஆடணும்!" என்று கத்தியது. பெரியவர் சிரித்துக்கொண்டே ராணியை வெட்டினார். பிறகு நாலு காய்களைப் பின்னால் எடுத்துவைத்து, எந்த இடத்தில் சறுக்கினான் என்று காட்டினார். இருவரும் சொந்தக்காரர்கள் இல்லையாம், பெரியவருக்குப் பையனின் பெயர்கூடத் தெரியவில்லை. கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது. பையனின் அம்மா சேலைக் கடையிலிருந்து வரும்வரை வகுப்பு நடக்கும்.

இந்த ஊர் செஸ்ஸுக்குப் புதிதல்ல. 1982-இல் லண்டனில் விக்டர் கோர்ச்னாயைத் தோற்கடித்த திப்யேந்து பருவா கொல்கத்தாப் பையன். அதற்கு முந்தைய வருஷம்தான் கோர்ச்னாய் உலகப் பட்டத்துக்குக் கார்ப்போவோடு ஆடியிருந்தார். ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 1991-இல் பருவா இரண்டாவது. அதன் பிறகு நாம் எங்கேயோ போய்விட்டோம். இன்று இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்காரர்கள். 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் செஸ் என்று ஜெயலலிதா ஆட்சியில் திட்டம் வந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடே நடத்தினோம்.

ஆனால் ஆனந்த் சின்ன வயதில் பழகியது சென்னை சோவியத் கலாசார மையத்தின் டால் கிளப்பில். தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தே இருக்கலாம், அடுத்த ஆள் வரிசையில் காத்திருப்பார். கரியாஹாட்டில் நான் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். நம்மிடம் இப்போது இருப்பது கோச்சிங் கிளாஸ், மாதக் கட்டணம், வாசலில் காத்திருக்கும் பெற்றோர். கிராண்ட்மாஸ்டர்கள் அதில் உருவாகலாம். பெயர் தெரியாத தாத்தாவிடம் ராணியைப் பறிகொடுத்துவிட்டுச் சிரிக்கிற பையன் உருவாக மாட்டான்.

ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்து அழகு பார்த்தது சென்னை. மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம்: அந்தப் பெயிண்ட் செலவில் கொஞ்சம் எடுத்து, ஏதாவது ஒரு மேம்பாலத்தின் அடியில் நாலு சிமெண்ட் மேசையும் எட்டு இருக்கையும் போடுங்கள். காய்களை நாங்களே கொண்டுவருகிறோம்.