கால் பூ

ஆத்தங்குடிக் கல் பட்டறையில் அடுப்பு கிடையாது, மெருகேற்றும் எந்திரமும் கிடையாது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் தரையில் முகம் பார்க்கலாம் என்பார்களே, அந்தப் பளபளப்பைத் தருவது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். துடைத்த கண்ணாடி, அதன்மேல் சதுரச் சட்டம், உள்ளே தகட்டில் செய்த பூ அச்சு. தோசை மாவுப் பதத்தில் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் மொண்டு கட்டம் கட்டமாக ஊற்றினார். இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், மிச்சத்துக்குக் கறுப்பு. பிறகு அச்சைத் தூக்கினார். கை இம்மி சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிடும். நேராக எடுத்தால், தகடு இருந்த இடுக்கை இரண்டு பக்கக் குழம்பும் வந்து மூடிக்கொள்கிறது. மேலே சிமெண்டும் மணலும் கலந்த உலர்பொடி ஈரத்தை உறிஞ்ச, அதன்மேல் கலவையை நிரப்பி மட்டம் தட்டினார். காய்ந்து, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறி, மறுபடி காய்ந்த பிறகுதான் கண்ணாடி கழலும். அதுவரை கல் முகம் கவிழ்ந்தே கிடக்கும்.

கையுறை இல்லை. சிமெண்ட் தின்ற விரல்கள். இந்தக் கல்லுக்கு எந்திர டைல்ஸ் விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறவர்களை ஒரு மணி நேரம் இங்கே உட்காரவைக்க வேண்டும்.

தேவகோட்டையில் ஆயா வீட்டு இரண்டாங்கட்டில் குப்புறப் படுத்துக் கிடந்த வயதில் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு கல்லில் கால் பூதான் இருக்கிறது. நான்கு சேர்ந்தால் முழுப் பூ. சரி, சுவரோரத்தில் மட்டும் பூ ஏன் வெட்டுப்படவே இல்லை? விடை கட்டடக்கலைக் கல்லூரியில்தான் கிடைத்தது. அறையின் நடுவிலிருந்து கல்லை எண்ணிக்கொண்டு போய், மிஞ்சுகிற இடத்தைக் கரைக்கல்லுக்கு விட்டிருக்கிறார்கள். இன்றும் வீட்டுக்கு வரைபடம் போடும்போது சுவருக்கு முன்னால் தரையைத்தான் வரைகிறேன். சக கட்டடக்கலைஞர்கள் சிரிப்பார்கள்.

திருச்சியில் எழப்போகும் ஒரு வீட்டுக்காக, கணினியில் வரைந்த புதுக் கொடி வடிவத்தை மேஸ்திரியிடம் நீட்டினேன்.

“இந்தச் சந்துக்குள்ள கரண்டி மூக்கே போகாது தம்பி. பேப்பர்ல போடலாம்.”

“கொஞ்சம் அகலமாக்கித் தரட்டுமாண்ணே?”

“ஆக்கலாம். ஒரு கூடத்துக்காகப் புது அச்சு அடிச்சா உங்களுக்குக் கட்டுமா? அங்க தொங்குது பாருங்க, பழசு.”

ஆணியில் மாட்டியிருந்த அச்சுகளில் ஒன்றை எடுத்து, சிவப்புக்குப் பதில் இரண்டு பச்சை என்று முடிவு செய்தோம். புதிதாக வரைவதற்கு இருக்கும் மரியாதை, இருப்பதிலிருந்து பொறுக்குவதற்கு எங்கள் தொழிலில் இல்லை. கணக்குக்கு மேலே கொஞ்சம் கல் சேர்த்தே சொல்லச் சொன்னார்; அடுத்த தடவை கலக்கும் சாயம் இதே நிறத்தில் வராதாம்.

அந்த அச்சோடு சேர்ந்த கரைக்கல்லுக்குக் கூடத்தின் நீளம் மூன்று அங்குலம் உதைத்தது. வீட்டுக்காரரை அங்கிருந்தே அழைத்தேன்.

“கல்லுக்காகச் சுவரை நகர்த்துவீங்களா?” என்றார்.

“இன்னும் வானமே தோண்டலையே சார்” என்றேன்.